ரப்பர் வௌவாலை மன்னித்துவிட்டு ஹேமர் படங்களைப் பார்ப்பது எப்படி

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். சின்ன வயதில் நள்ளிரவில் கேபிளில் கிறிஸ்டோபர் லீ நடித்த ஏதோ ஒரு டிராகுலா படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் விளக்கை அணைக்காமல் தூங்கியிருக்கிறீர்கள். போன மாதம் அந்த நினைப்பில் 'ஸ்கார்ஸ் ஆஃப் டிராகுலா' போட்டுப் பார்த்தால், தொங்கி ஆடும் ரப்பர் வௌவால்தான் கண்ணில் பட்டது. பயத்துக்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது. பிரிட்டனின் ஹேமர் நிறுவனம் எடுத்த அந்தப் பழைய கோதிக் (கோட்டை, சவப்பெட்டி, ரத்தக்காட்டேரி வகையறா) பட வரிசைகளை முதலிலிருந்து பார்ப்பது வீண் வேலையா, பார்ப்பதென்றால் எதில் தொடங்குவது என்று கேட்கிறீர்கள். எதில் தொடங்குவது என்பதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாகப் படுகிறது: அன்றைக்குப் பயந்தது சின்னப்பிள்ளைத்தனமா, இல்லை அந்தப் படங்களில் நிஜமாகவே ஏதாவது இருந்ததா?

இருந்தது. அது எங்கே இருந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். என் தொழில் கலர் கிரேடிங், அதாவது எடுத்த படத்தின் வண்ணத்தைச் சீர்செய்வது. முதலில் ஃபிலிம் லேபில், பிறகு டிஐ (ஃபிலிமை டிஜிட்டலாக்கி வண்ணம் திருத்தும் முறை) வந்தபின் கம்ப்யூட்டர் முன்னால், ஆக மொத்தம் இருபது வருடத்துக்கு மேல். நான் திரைப்பட வரலாற்று ஆய்வாளன் இல்லை. திரையில் தெரியும் வண்ணம், வெளிச்சம், பிரிண்டின் நிலை பற்றி நான் சொன்னால் தைரியமாக நம்பலாம். படப்பிடிப்பில் யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதெல்லாம் அவர்கள் பின்னாளில் கொடுத்த பேட்டிகள் வழியாக எனக்குத் தெரிந்தவை. நாற்பது வருடம் கழித்து நினைவிலிருந்து பேசுகிறவர்கள் எவ்வளவு சரியாகச் சொல்வார்களோ அவ்வளவுதான் அவற்றின் எடை.

முதலில் ஒன்று: நீங்கள் தப்பான முனையில் பிடித்துவிட்டீர்கள். 'ஸ்கார்ஸ் ஆஃப் டிராகுலா' 1970-இல் வந்தது. காசுப் பஞ்சமும் களைப்பும் ஒருசேரத் தெரிகிற காலம் அது. 1958-இல் வந்த முதல் 'டிராகுலா'வில் வௌவாலே கிடையாது. ரத்தக்காட்டேரிகள் வௌவாலாகவும் ஓநாயாகவும் மாறும் என்பது வெறும் கட்டுக்கதை என்று படத்துக்குள்ளேயே, டிராகுலாவை வேட்டையாட வரும் டாக்டர் வான் ஹெல்சிங் சொல்லிவிடுகிறார். அந்த ஒரு வசனத்தில் திரைக்கதை எழுதிய ஜிம்மி சாங்ஸ்டர் இரண்டு வேலையை முடித்துவிட்டார். காசில்லாத கம்பெனியை வௌவால் செய்யும் செலவிலிருந்து காப்பாற்றினார். கூடவே டிராகுலாவை மாயாஜாலத்திலிருந்து பிரித்து, மனிதர்கள் நடுவே நடமாடும் ஒரு ஆபத்தாக ஆக்கினார். பிராம் ஸ்டோக்கரின் மூல நாவலில் வருகிற கப்பலும் இங்கிலாந்துப் பயணமும் அதே காரணத்தால் காணாமல் போயின. கதை முழுக்க ஏதோ ஒரு ஜெர்மானியப் பிரதேசத்துக்குள்ளேயே நடக்கிறது. கோட்டையிலிருந்து நாயகியின் வீட்டுக்குக் குதிரை வண்டியிலேயே போய்விடலாம். சரி, சிக்கனம்தான். ஆனால் அந்தச் சிக்கனம் பயத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னணி தேவைப்படுகிறது. ஹேமர் 1934-இல் தொடங்கிய சின்ன நிறுவனம். வில்லியம் ஹைண்ட்ஸ் என்பவர் நாடக மேடையில் வைத்துக்கொண்ட பெயர் வில் ஹேமர். அதிலிருந்து வந்ததுதான் நிறுவனத்தின் பெயர். 1950-களில் அவர்கள் தேம்ஸ் நதிக்கரையில் ப்ரே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாளிகையை வாங்கி ஸ்டுடியோவாக்கினார்கள். 1955-இல் 'தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்' என்ற படத்தின் ஆங்கிலத் தலைப்பில் 'எக்ஸ்பெரிமென்ட்' என்ற சொல்லின் முதல் எழுத்தான 'E'யைத் தூக்கிவிட்டு 'எக்ஸ்' என்ற எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விடக்கூடாது என்று பிரிட்டிஷ் தணிக்கைக் குழு 1951-இல் கொண்டுவந்த சான்றிதழ்தான் அந்த எக்ஸ். மற்றவர்கள் அதை அவமானமாக நினைத்துத் தவிர்த்தபோது, இவர்கள் அதையே விளம்பரமாக்கினார்கள். நம்ம ஊர்ப் போஸ்டர்களில் 'ஏ' என்ற எழுத்தைப் படத்தின் தலைப்பைவிடப் பெரிதாகப் போட்ட காலத்தை நினைத்துக்கொண்டால் புரியும்.

அடுத்து 1957-இல் 'தி கர்ஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்'. செலவு சுமார் 65,000 பவுண்ட். அந்தக் காலத்துக்கும் அது சின்னத் தொகைதான். டெரன்ஸ் ஃபிஷர் இயக்கம், ஜாக் ஆஷர் ஒளிப்பதிவு, பெர்னார்ட் ராபின்சன் அரங்க அமைப்பு, ஜேம்ஸ் பெர்னார்ட் இசை. அடுத்த சில வருடங்களுக்கு இதே ஆட்கள்தான் மாறி மாறி வேலை செய்தார்கள். கோதிக் பயங்கரம் என்றால் கறுப்பு வெள்ளை என்று உலகம் பழகிப்போயிருந்தபோது இவர்கள் அதை வண்ணத்தில் எடுத்தார்கள். அதற்கு வழிவிட்டது ஈஸ்ட்மேன்கலர். அதற்கு முன்பு டெக்னிகலர் என்றால் மூன்று நெகட்டிவ் ஓடுகிற ஆளுயரக் கேமரா, கண் கூசுகிற வெளிச்சம், பெரிய கம்பெனியின் பணம் எல்லாம் வேண்டும். ஈஸ்ட்மேன்கலர் ஒரே நெகட்டிவ். சாதாரணக் கேமராவில் போட்டு எடுக்கலாம். ஏழைக் கம்பெனிக்கும் வண்ணம் எட்டியது அப்படித்தான்.

ஆஷர் அந்த வண்ணத்தை என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. விளக்குக்கு முன்னால் வண்ண ஜெலட்டின் தாளைப் போட்டு, வெளிச்சம் வர எந்தக் காரணமும் இல்லாத மூலையில் ஒரு பச்சை, ஒரு ஊதா, கொஞ்சம் ஆரஞ்சு என்று தெளித்து வைப்பார். கல் சுவரின் ஓரத்தில் ஊதா நிறம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த அறை சரியில்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் சிவப்பு. 1958 'டிராகுலா'வின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா மெல்ல நிலவறைக்குள் இறங்கிப்போய், 'டிராகுலா' என்று பெயர் பொறித்த சவப்பெட்டியில் நிற்கிறது. சாம்பல் நிறக் கல், மங்கலான வெளிச்சம். அந்தப் பெயர்மேல் மேலேயிருந்து ரத்தம் சொட்டுகிறது. யாருடைய ரத்தம், யார் மேலே இருக்கிறார்கள் என்பதற்குப் படத்தில் விளக்கமே இல்லை. கதைக்கு அது தேவையும் இல்லை. சட்டகம் முழுக்கச் சாம்பலாக வைத்துவிட்டு ஒரே ஒரு இடத்தில் சிவப்பை விட்டதால் அந்தச் சிவப்பு கத்துகிறது.

இதன் அருமை எனக்குப் புரிந்தது நான் சொதப்பிய பிறகுதான். பல வருடங்களுக்கு முன்பு ஒரு பேய்ப்படத்துக்கு கிரேடிங் செய்தேன். இரவு என்றால் நீலம் என்ற பழக்கத்தில் முழுப் படத்தையும் நீலத்தில் முக்கிவிட்டேன். முதல் பிரதி பார்த்த அன்று, கழுத்தை அறுக்கும் காட்சியில் ரத்தம் தார் மாதிரி கறுப்பாக வழிந்தது. தியேட்டரில் உட்கார்ந்திருந்த யாரும் அசையவில்லை. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து ஆஷரின் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். அவர் சுவரையும் திரைச்சீலையையும் உடைகளையும் முன்கூட்டியே அடக்கி வைத்துவிடுகிறார். சிவப்புக்கு வேண்டிய இடத்தை ஷூட்டிங்கிலேயே காலி செய்து வைத்திருக்கிறார். பின்னால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்கிற வேலையில்லை அது. அவருக்கு நேரம் அதிகம் பிடிக்கிறது, செலவாகிறது என்று நிறுவனம் பிறகு அவரை விட்டுவிட்டு ஆர்தர் கிராண்ட் என்ற வேகமான ஒளிப்பதிவாளரை வைத்துக்கொண்டது. கிராண்டும் நல்ல கைதான். ஆனாலும் 1960-இல் வந்த 'தி பிரைட்ஸ் ஆஃப் டிராகுலா'வையும் பத்து வருடம் கழித்து மோரே கிராண்ட் என்ற வேறொருவர் ஒளிப்பதிவு செய்த 'ஸ்கார்ஸ்' படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முந்தையதில் மூலைமுடுக்கெல்லாம் வெளிச்சம் வேலை செய்கிறது. பிந்தையதில் வெளிச்சம் என்பது ஆட்களைத் தெரியவைப்பதற்கு மட்டும்தான்.

இப்போது லீ. அவர் வில்லனாக உறுமிக்கொண்டு வருவார் என்று எதிர்பார்க்கிறோம். மாடிப்படியின் உச்சியில் கறுப்பு நிழலாக நிற்கிறார். பெர்னார்டின் இசை இடிக்கிறது. கவனித்துக் கேட்டால் அந்த இசை 'டிரா-கு-லா' என்று மூன்று அசையையும் உச்சரிப்பது தெரியும். பெயரின் ஓசையிலிருந்தே மெட்டமைப்பது பெர்னார்டின் வழக்கம். அதற்கடுத்து நிழல் படியிறங்கி வெளிச்சத்துக்கு வருகிறது. வந்து நிற்பவர் உயரமான, நல்ல குரலுள்ள கனவான். 'நேரில் வந்து வரவேற்க முடியாததற்கு மன்னிக்கவும்' என்கிற மாதிரி உபசாரம் பேசுகிறார். விருந்தாளியின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு படிகளில் விறுவிறுவென்று ஏறுகிறார். அந்த வேகத்தைக் கவனியுங்கள். நூற்றாண்டுகள் வாழ்ந்த பிணம் அப்படி ஏறாது. ஆரோக்கியமான மனிதன்தான் ஏறுவான். கொஞ்ச நேரம் கழித்து நூலக அறையில் அதே ஆள் வாயில் ரத்தத்தோடும் சிவந்த கண்ணோடும் கதவைத் திறந்துகொண்டு வந்து மேசைமேல் தாவும்போது தூக்கிவாரிப் போடுவதற்குக் காரணம் அந்தப் பெட்டி தூக்கிய மரியாதைதான். இதற்குப் பிறகு படம் முடியும்வரை லீ ஒரு வார்த்தை பேசுவதில்லை.

வான் ஹெல்சிங்காக நடித்த பீட்டர் குஷிங் அதற்கு நேர் எதிர். கையில் ஏதாவது பொருள் இல்லாமல் அவரைப் பார்க்கவே முடியாது. கடிகாரம், கையுறை, பேனா, கண்ணாடி, ஏதோ ஒன்று. அதே 'டிராகுலா'வில் இரவில் வழிதவறிய ஒரு சின்னப்பெண் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வான் ஹெல்சிங் தன் ஃபர் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டு, இப்போது நீ டெடி பேர் மாதிரி இருக்கிறாய் என்று சிரிப்பார். சில அடி தள்ளி அவர் கூர்முனைக் கட்டையால் குத்தவேண்டிய உடம்பு காத்திருக்கிறது. (கதை நடப்பது 1885-இல், டெடி பேர் என்ற பொம்மை பிறக்க இன்னும் பதினேழு வருடம் இருக்கிறது. மன்னித்துவிடலாம்.) கிளைமாக்ஸில் நீளமான மேசைமேல் ஓடித் தாவித் திரைச்சீலையைப் பிய்த்து இழுத்து, சூரிய வெளிச்சத்தை உள்ளே விட்டு, இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைக் குறுக்காகப் பிடித்துச் சிலுவையாக்குவாரே, அந்த யோசனை தன்னுடையது என்று குஷிங்கே சொல்லியிருக்கிறார். வான் ஹெல்சிங் ஒவ்வொரு பையிலிருந்தும் சிலுவை எடுத்துக்கொண்டே இருப்பது அவருக்கு சிலுவை விற்கிற ஏஜென்ட் மாதிரி பட்டதாம்.

இதோடு சேர்த்து ஒரு கருத்தையும் சொல்லிவிடுகிறேன்; நிறைய பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஹேமர் என்றால் எல்லோரும் டிராகுலா வரிசையைத்தான் பேசுகிறார்கள். திரும்பப் பார்க்கும்போது உயரமாக நிற்பது ஃபிராங்கன்ஸ்டைன் வரிசை. காரணம் எளிது. அதற்கு முன்பு அமெரிக்காவில் யுனிவர்சல் எடுத்த படங்களில் படத்துக்குப் படம் தொடர்ந்து வந்தது, பிணத்துண்டுகளை ஒட்டி உயிரூட்டிய பூதம். அதைப் படைத்தவர் மாறிக்கொண்டே இருந்தார். ஹேமர் அதைத் தலைகீழாக்கியது. பூதத்தின் மேக்கப்பைக் காப்பியடித்தால் வழக்குப் போடுவோம் என்ற நிலையில் யுனிவர்சல் இருந்ததால், மேக்கப் கலைஞர் ஃபில் லீக்கி வேறு மாதிரி, ஒட்டுப்போட்ட பிணமுகம் ஒன்றை லீயின் முகத்தில் அமைத்தார். அந்தப் பூதம் ஒரே படத்தோடு முடிந்தது. தொடர்ந்து வந்தவர் அதைப் படைத்த பேரன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் ('பேரன்' என்பது இங்கே Baron என்ற பிரபுப் பட்டம்), அதாவது குஷிங். 1957-இலிருந்து 1974 வரை ஆறு படங்களில் அவர் அந்த வேடத்தைச் செய்தார். நடுவே 1970-இல் 'தி ஹாரர் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' என்று ரால்ஃப் பேட்ஸை வைத்து ஒரு கேலிப் பதிப்பு எடுத்தார்கள். அதைத் தாண்டிப் போய்விடலாம்.

முதல் படத்தில் தூக்குமேடையிலிருந்து கொண்டுவந்த பிணத்தின் தலையை வெட்டி எடுத்துவிட்டு, ரத்தக்கையைப் பேரன் தன் கோட்டின் மடிப்பில் துடைத்துக்கொள்வார். சமையலில் இருக்கும்போது முந்தானையில் கை துடைப்பதுபோல அவ்வளவு இயல்பாக. இன்னொரு இடத்தில், தன்னால் கர்ப்பமான வேலைக்காரப் பெண்ணைப் பூதம் இருக்கும் அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டுகிறார். அவள் அலறல் முடியும் முன்பே காட்சி மாறுகிறது: காலை உணவு மேசையில் பேரன் மார்மலேட் கேட்டுக்கொண்டிருக்கிறார். ரப்பர் வௌவாலைப் பார்த்துச் சிரித்த நீங்கள் இந்த வெட்டைப் பார்த்துச் சிரிக்க முடியுமா என்று பாருங்கள். சிரிப்பு வரும், ஆனால் தொண்டையிலேயே நின்றுவிடும்.

1958-இல் வந்த 'தி ரிவெஞ்ச் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' இன்னும் கூர்மை. கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரத்திலிருந்து தப்பித்த பேரன், டாக்டர் ஸ்டைன் என்ற பெயரில் ஏழைகளுக்கான மருத்துவமனை நடத்துகிறார். ஊரே புகழ்கிறது. வார்டில் கிடக்கும் ஏழைகள் அவருக்கு உதிரிப்பாகக் கிடங்கு. நல்ல கை, நல்ல கால் இருந்தால் 'எடுக்கவேண்டியிருக்கிறது' என்று வெட்டி எடுத்துக்கொள்கிறார். கடைசியில் அந்த நோயாளிகளே அவரை அடித்து நொறுக்குகிறார்கள். மேட்டுக்குடி கீழ்த்தட்டு மக்களின் உடம்பைத் தின்று வாழ்வதைப் பற்றிய படம் இது என்று நான் படிக்கிறேன். ஃபிஷர் அப்படி நினைத்துத்தான் எடுத்தாரா என்றால், அது என் வாசிப்பு என்ற அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வார்டு காட்சிகளில் கேமரா யார் பக்கம் நிற்கிறது என்பதைப் பார்த்தால் நான் ரொம்பத் தள்ளிப்போகவில்லை என்று தோன்றும்.

1964-இல் ஃப்ரெடி ஃப்ரான்சிஸ் எடுத்த 'தி ஈவில் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' வரிசையில் ஒட்டாது. இந்த முறை யுனிவர்சலே விநியோகித்ததால் பழைய தட்டைத்தலைப் பூதத்தை அனுமதித்தார்கள். கதைத் தொடர்ச்சியும் அறுந்துவிட்டது. 1967-இல் ஃபிஷர் திரும்பி வந்து எடுத்த 'ஃபிராங்கன்ஸ்டைன் கிரியேட்டட் வுமன்' படத்தில் ஆராய்ச்சி உடம்பை விட்டு ஆன்மாவுக்குப் போகிறது: கில்லட்டினில் செத்த காதலனின் ஆன்மா, ஆற்றில் விழுந்து செத்த காதலியின் உடம்புக்குள். சொன்னால் அபத்தம், பார்த்தால் துக்கம். 1969-இல் 'ஃபிராங்கன்ஸ்டைன் மஸ்ட் பி டிஸ்ட்ராய்ட்'. என்னைக் கேட்டால் ஹேமர் எடுத்ததிலேயே ஆகச் சிறந்தது இதுதான், கூடவே ஒரு எச்சரிக்கை. மூளை மாற்றப்பட்ட ஒருவர், வேறொருவரின் முகத்தோடு தன் மனைவியைப் பார்க்க வருகிறார். அவளுக்கு அடையாளம் தெரியாது என்று தெரிந்து ஒரு திரைக்குப் பின்னால் நின்று பேசுகிறார். ஃப்ரெடி ஜோன்ஸ் நடித்த அந்தப் பகுதியில் பயம் என்பது மருந்துக்கும் இல்லை, மனது கனத்துப்போகும். எச்சரிக்கை என்னவென்றால், நடுவே பேரன் நாயகியை வன்புணர்வு செய்யும் காட்சி ஒன்று உண்டு. நிறுவனத்தின் மேலிடம் கடைசி நேரத்தில் திணித்தது அது. குஷிங், நாயகியாக நடித்த வெரோனிகா கார்ல்சன், ஃபிஷர் மூன்று பேருக்குமே அதில் விருப்பமில்லை. அதற்குப் பின்வரும் காட்சிகளில் அப்படி ஒன்று நடந்ததற்கான சுவடே இருக்காது; ஏனென்றால் எழுதும்போது அது இல்லை. அதை விட்டுத்தள்ளிப் பார்ப்பதில் தப்பில்லை.

கடைசிப் படம் 1974-இல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன் அண்ட் தி மான்ஸ்டர் ஃப்ரம் ஹெல்'. மனநலக் காப்பகம், கருகிப்போன கைகள், ஆப்பரேஷன் செய்ய முடியாத பேரன். ஒரு இளம் டாக்டரை வைத்துச் செய்யவைத்து, அவசரத்தில் ரத்தக்குழாயைத் தன் பல்லால் கடித்துப் பிடிக்கிறார். பூதத்தின் உடைக்குள் இருந்தவர் டேவிட் பிரௌஸ். பிறகு டார்த் வேடரின் கவசத்துக்குள் இருந்ததும் அவரேதான். செலவுக்குறைவு அப்பட்டமாகத் தெரிகிற படம். ஆனாலும் எல்லாம் நாசமான பின் துடைப்பத்தை எடுத்துக் கூட்டிக்கொண்டே அடுத்த முயற்சியைப் பற்றிப் பேசுகிற குஷிங்கின் முகம் மறக்காது. ஃபிஷர் இயக்கிய கடைசிப் படமும் இதுதான்.

டிராகுலா பக்கம் திரும்பினால், லீ அந்த வேடத்தை ஹேமருக்காக ஏழு முறை செய்தார். கதைகள் போகப்போக அவருக்கே சலித்தது. இங்கேதான் உறுதியையும் வாய்ப்பேச்சையும் பிரித்துப் பார்க்கவேண்டிய ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1966-இல் வந்த 'டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்' படத்தில் அவர் வாயே திறப்பதில்லை. சீறல் மட்டும்தான். எழுதிய வசனங்கள் கேவலமாக இருந்ததால் பேச மறுத்துவிட்டேன் என்றார் லீ. நான் வசனமே எழுதவில்லை, காட்டேரிகள் அரட்டையடிப்பதில்லை என்றார் சாங்ஸ்டர். இருவரில் ஒருவருக்கு ஞாபகப்பிசகு. உறுதி என்னவென்றால் அந்த மௌனம் படத்துக்கு நல்லது செய்திருக்கிறது. அந்தப் படத்தில் என்னை உலுக்கியவர் லீகூட இல்லை, பார்பரா ஷெல்லி. விறைப்பான, எல்லாவற்றையும் குறைசொல்கிற மனைவியாக வருவார்; காட்டேரியான பிறகுதான் முதல்முறையாக உயிரோடு இருப்பதுபோல் தெரிவார். அவரைத் துறவிகள் கூட்டமாகச் சேர்ந்து மேசைமேல் அழுத்திப் பிடித்து நெஞ்சில் கட்டை இறக்கும் காட்சியில், நல்லவர்கள் யார் என்ற குழப்பம் ஒரு நிமிடம் வரும்.

1970-இன் 'டேஸ்ட் தி பிளட் ஆஃப் டிராகுலா' நான் பரிந்துரைக்கும் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், மற்ற நாளில் விபசார விடுதி என்று வாழும் மூன்று கனவான் அப்பாக்கள். அவர்களைக் கொல்வது டிராகுலா இல்லை, அவரால் தூண்டப்பட்ட அவர்களுடைய பிள்ளைகளே. இதில் முதலில் டிராகுலாவே இல்லாமல்தான் திட்டமிட்டார்கள். லீ இல்லாவிட்டால் படம் வேண்டாம் என்று விநியோகஸ்தர் அடம்பிடித்ததால் உள்ளே வந்தார். அதனால்தான் ஓரத்தில் நின்று எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருப்பார். நீங்கள் பார்த்த 'ஸ்கார்ஸ்' அதே வருடம், முந்தைய கதையைக் கண்டுகொள்ளாமல் எடுத்தது. வௌவால் சாம்பல்மேல் ரத்தம் உமிழ்கிறது, டிராகுலா எழுந்துவிடுகிறார், முடிந்தது. ஒரு நியாயம் செய்துவிடுகிறேன்: நாவலில் வருவதுபோல டிராகுலா கோட்டைச் சுவரில் ஊர்ந்து இறங்குவதை அந்தப் படம் காட்டியது. அதற்காக ஐந்து மார்க்.

1972-இன் லண்டனுக்கு டிராகுலாவைக் கொண்டுவந்த 'டிராகுலா ஏ.டி. 1972' ஒரு தமாஷ். அன்றைய இளைஞர்கள் பேசும் வசனம் இளைஞர்களை எட்டிப் பார்த்திராதவர் எழுதியதுபோல இருக்கும். ஆனால் 1971 ஜனவரியில் குஷிங்கின் மனைவி ஹெலன் இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் அவர் ஆளே உருமாறிவிட்டதால், நாயகியின் அப்பா என்று எழுதிய வேடத்தைத் தாத்தாவாக மாற்றவேண்டியிருந்தது என்பார்கள். முன்பு மேசைமேல் பறந்த மனிதர் இங்கே கன்னம் ஒட்டிப்போய் நிற்பதைப் பார்த்தால் அதை நம்பத் தோன்றும். அப்புறம் பார்க்கிறவர்களும் மாறிவிட்டார்கள். அமெரிக்காவில் 1968-இலேயே 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' வந்தாயிற்று; 1973-இல் 'தி எக்ஸார்சிஸ்ட்'. சொந்தப் படுக்கையறையிலேயே பயத்தைக் காட்டியபிறகு, குதிரை வண்டியும் கோட்டையும் யாருக்கு வேண்டும்?

பிரிண்ட் விஷயம். இதைத்தான் யாரும் சொல்வதில்லை, உங்கள் அனுபவத்தைத் தீர்மானிப்பதும் இதுதான். ஈஸ்ட்மேன்கலர் பழைய பிரிண்டுகளில் பச்சைநீலச் சாயம் முதலில் வெளுத்துவிடும். மிச்சமிருப்பது ஒரே ரோஸ் நிறம். லேபில் இருந்த காலத்தில் டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடையும், உள்ளே நீர்த்த ரூ அஃப்சா சர்பத் நிறத்தில் ஒரு ரீலும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கேபிளிலும் இணையத்திலும் சுற்றும் பல பிரதிகள் அந்த வகைப் பிரிண்டிலிருந்து வந்தவை. எல்லாமே ரோஸாக இருந்தால் ரத்தம் எங்கே தனித்துத் தெரியும்? ஆஷரின் முழு உழைப்பும் போயிற்று.

முதல் 'டிராகுலா'வுக்கு இன்னொரு கதையும் உண்டு. லீ சூரிய வெளிச்சத்தில் அழியும் காட்சியைப் பிரிட்டிஷ் தணிக்கை வெட்டியிருந்தது. ஜப்பானுக்குப் போன பிரதியில் அது முழுதாக இருக்கிறது என்று ரசிகர்கள் பல வருடம் பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டுக்கதை என்றுதான் பலரும் ஒதுக்கினார்கள். 2011-இல் டோக்கியோவின் தேசியத் திரைப்பட மையத்தில் நிஜமாகவே அந்தப் பிரதி கிடைத்தது. 1984-இல் நடந்த தீ விபத்தில் முதல் ஐந்து ரீல்கள் பாழாகி, கடைசி நான்கு பிழைத்திருந்தன. தன் முகத்துச் சதையைத் தானே பிய்த்துக்கொள்ளும் சில நொடிகள் அதில் இருந்தன. அவற்றைச் சேர்த்துப் புதுப்பித்த பதிப்பு 2013-இல் புளூரேயாக வந்தது. அந்தப் பதிப்பு ரொம்ப நீலமாகிவிட்டது என்று ஒரு கூட்டம் சண்டை போடுகிறது. என் கண்ணுக்கும் கொஞ்சம் நீலம் தூக்கல்தான். ஆனால் அன்றைய திரையரங்கப் பிரிண்ட் ஒன்றை வாடாத வண்ணத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் இதுதான் சரி என்று எந்த கிரேடரும் சத்தியம் செய்ய முடியாது. எனக்கு அந்தச் சில நொடிகள் கிடைத்தது போதும்.

ஆக, முதல் ராத்திரி 1958 'டிராகுலா'. அது பிடித்தால் ஃபிராங்கன்ஸ்டைன் முதல் இரண்டையும் இடைவெளி விடாமல் பாருங்கள். இரண்டாவது முதலாவதின் கடைசிக் காட்சியிலேயே தொடங்குகிறது. அப்புறம் 'பிரைட்ஸ் ஆஃப் டிராகுலா'. தலைப்பை நம்பி ஏமாறவேண்டாம், அதில் டிராகுலா கிடையாது, குஷிங் உண்டு. பிறகு 1966, 67, 69 என்று நான் சொன்ன மூன்று. அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும், மேலே போகலாமா வேண்டாமா என்று. குஷிங் இருந்தால் எல்லாமே ஹேமர் என்று நினைத்துவிடாதீர்கள். 1965-இன் 'டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்' மாதிரி குட்டிக்கதைத் தொகுப்புகள் அமிகஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் சரக்கு.

டிவியில் 'விவிட்' மோடை அணைத்துவிடுங்கள். அசைவை வழவழப்பாக்கும் அந்த வசதியையும் அணையுங்கள். அது இருந்தால் ப்ரே ஸ்டுடியோவின் கோட்டை மெகாசீரியல் வீடாகிவிடும். அறை விளக்கையும்தான். பெயர்கள் ஓடி முடிந்து, கேமரா நிலவறைக்குள் இறங்கி, அந்தச் சவப்பெட்டிமேல் சொட்டு விழுகிற இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கல் சாம்பலாகவும் ரத்தம் மட்டும் சிவப்பாகவும் இருந்தால் பிளே போடுங்கள். கல்லும் ரோஸாக இருந்தால் அந்தப் பிரதியை மூடிவிட்டு வேறு தேடுங்கள்.